புள்ளியில் வராதவர்கள்

2024 பிப்ரவரியில், தேசிய அறிவியல் நாளுக்காகக் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் பேசப் போயிருந்தேன். முப்பத்தைந்து வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். வருடத்துக்கு ஒருமுறை இப்படி யாராவது கூப்பிடுவார்கள். அன்றைக்குக் கருந்துளைகளைப் பற்றிப் பேசினேன். நாலு மாதத்துக்கு முன், 2023 நவம்பரில்தான் அந்தச் செய்தி வந்திருந்தது. யூஹெச்இசட்1 என்று பெயரிடப்பட்ட ஒரு நட்சத்திர மண்டலத்தின் நடுவில், அதுவரை எக்ஸ் கதிர்களில் கண்டவற்றிலேயே மிகத் தொலைவான கருந்துளையைப் பிடித்திருந்தார்கள். அது எப்படிப் பிறந்திருக்கும் என்று பல வருடங்களுக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்தவர்களில் முதன்மையானவர் பிரியம்வதா நடராஜன் என்ற பெண் என்று சொன்னேன்.

பின்வரிசையிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், அந்தம்மா எந்த ஊரு?"

"கோயம்புத்தூர்ல பொறந்தவங்கம்மா. டெல்லியில வளந்தவங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் கல்வித்துறையில இருந்தவங்க."

"அப்ப சரி டீச்சர்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அந்த 'அப்ப சரி' என்னை வீடு வரைக்கும் விடவில்லை. அதில் கிண்டல் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்து, விடை தெரிந்ததும் நோட்டை மூடுகிற தொனிதான் இருந்தது. அவளுக்கு அன்றைக்கு மேடையில் நான் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது கருந்துளையின் கதை. கருந்துளையைப் பற்றி நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தமிழ்க் கதையில் எண்ணப்படாமல் போன பெண்களின் கதையும்கூட.

*

எண்ணப்படாமல் என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். செட்டிநாட்டில் நகரத்தார் குடும்பங்களைப் 'புள்ளி' என்று எண்ணுவார்கள். கல்யாணமான ஆண் ஒரு புள்ளி. கோயில் கணக்கு, ஊர் வரி எல்லாம் புள்ளிவாரிதான். பெண் தன் கணக்கில் ஒரு புள்ளி ஆவதில்லை. கணவனோடு சேர்த்துத்தான் அவளுக்கு எண். நாங்கள் அந்தச் சமூகமும் இல்லை. என் அம்மா அப்படி ஒரு பெரிய வீட்டில் கூட்டி மெழுகும் வேலை பார்த்தவள். ஆகவே எங்களுக்கு அந்தப் பக்கக் கணக்கும் கிடையாது.

சின்ன வயதில் அம்மாவோடு நானும் போவேன். வளவின் நாலு பக்கமும் தாழ்வாரம், நடுவில் திறந்த முற்றம். விடிகாலையில் அம்மா முற்றம் கழுவும்போது மேலே ஒரு நீள்சதுர வானம் தெரியும். நான் முதன்முதலாக நின்று நிதானித்துப் பார்த்த வானம் அதுதான். அந்த வீட்டு ஆச்சிக்கு விடிவெள்ளியும் கார்த்திகைக் கூட்டமும் தெரியும். எந்த மாதத்தில் எது எந்தத் தூணுக்கு மேலே வரும் என்று சொல்லுவார். அவருடைய கணவரின் முன்னோர் பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனவர்கள். மூன்று வருடம் அங்கே, பிறகு ஊர், மறுபடி கப்பல் என்று ஆண்கள் போய்வந்த காலத்தில், பெண்கள் இந்த முற்றங்களில் இருந்துகொண்டு வரவு செலவும் பிள்ளை வளர்ப்பும் கொடுக்கல் வாங்கலும் பார்த்தார்கள். அவர்களுடைய சீர்ப்பணம், 'ஆச்சிமார் பணம்' என்ற பெயரிலேயே செட்டியார் கடைகளில் வட்டிக்குப் போடப்பட்டது. கடல் தாண்டிய வியாபாரத்தின் முதலில் அதுவும் ஒரு பங்கு. கடைகளின் பெயர்ப் பலகையில் மட்டும் அது இல்லை.

1983 அக்டோபரில் நான் காரைக்குடியில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு நோபல் பரிசு என்று பேப்பரில் வந்தது. வகுப்பில் பெரிய கொண்டாட்டம். 'நம்ம ஊர்க்காரர்' என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். லாகூரில் பிறந்து சென்னையில் படித்தவர் எப்படிக் காரைக்குடிக்காரர் ஆனார் என்று யாரும் கேட்கவில்லை. பெருமைக்கு மாவட்ட எல்லை கிடையாது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1930-ல் பத்தொன்பது வயதுப் பையன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினான். வழியில் ஒரு கணக்குப் போட்டான். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி வெண்குள்ளன் ஆகும். ஆனால் எல்லா நட்சத்திரத்துக்கும் அது நடக்காது. சூரியனைப் போலச் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை மிஞ்சினால், அது வெண்குள்ளனாக நிலைக்க முடியாது. மேலும் மேலும் சுருங்கத்தான் வேண்டும். 1935 ஜனவரி 11-ஆம் தேதி லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் இதைச் சொன்னதும், அந்தக் காலத்தின் மிகப் பெரிய வானியலாளரான ஆர்தர் எடிங்டன் எழுந்து, இயற்கை இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாது என்ற பொருளில் பேசி அவரைச் சபையில் சிறுமைப்படுத்தினார். பிற்காலத்தில் கருந்துளை என்று உலகம் ஏற்றுக்கொண்டதற்கு வழிகாட்டிய கணக்கு அது.

இதைத்தான் நானும் முப்பத்தைந்து வருடம் வகுப்பில் சொன்னேன். ஒரு பையன், ஒரு கப்பல், ஒரு கணக்கு, ஒரு வெள்ளைக்காரத் துரை, கடைசியில் நோபல். நல்ல கதை. பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்தக் கதையில் ஒரு பெண்கூட இல்லை என்பது எனக்கே வெகுகாலம் உறைக்கவில்லை.

*

அந்தப் பையனின் அம்மா சீதாலட்சுமி. பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். அதற்கு நடுவே, இப்சன் எழுதிய 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பொம்மையாக இருந்தது போதும் என்று நோரா வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியேறும் நாடகம் அது. பத்துப் பிள்ளைகளின் தாய் ஒருத்தி அந்தக் காட்சியை எந்த வேளையில், எந்த அறையில் உட்கார்ந்து தமிழாக்கியிருப்பார் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. மகன் வெளிநாடு போக வேண்டிய நேரத்தில் அவர் நோயில் கிடந்தார். அம்மாவை விட்டுப் போவதா என்று குடும்பம் தயங்கியபோது, போகச் சொன்னவர் அவர்தான். 1931 மே மாதம் இறந்துபோனார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில். கப்பலில் போட்ட கணக்கைப் பற்றிப் பேசும் நாம், அந்தக் கப்பலில் ஏறச் சொன்னவரைப் பற்றியும் பேசலாம்.

அடுத்தவர் லலிதா துரைசாமி. சந்திரசேகர் பிறந்த அதே 1910-ல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் அவருக்கு ஓராண்டு பின்னால் அதே இயற்பியலைப் படித்தவர். 1920-களின் கடைசியில் ஒரு தமிழ்ப்பெண் இயற்பியல் ஹானர்ஸ் வகுப்பில் உட்கார்ந்தது சும்மா நடந்துவிடவில்லை. லலிதாவின் பெரியம்மா சகோதரி சுப்பலட்சுமி. சிறுவயதிலேயே கல்யாணமாகி, கொஞ்ச நாளிலேயே விதவையானவர். 1911-ல் அதே மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னை மாகாணத்தில் பட்டதாரியான முதல் இந்து விதவை என்று பெயர் பெற்றவர். அடுத்த வருடமே இளம் விதவைகள் தங்கிப் படிப்பதற்காகச் சாரதா இல்லத்தைத் தொடங்கியவர். பெரியம்மா அடி வாங்கித் திறந்த கதவு வழியாகத்தான் மகள் முறையானவள் உள்ளே போனாள்.

ஆறு வருடம் இருவரும் கடிதத்தில் பழகினார்கள். லலிதா அந்தக் காலத்தில் ஆசிரியையாக வேலை பார்த்தார். 1936 செப்டம்பரில் கல்யாணம். பெரியவர்கள் ஜாதகம் பார்த்துச் செய்ததல்ல, இருவரும் தாங்களே முடிவு செய்தது. அதன்பின் அமெரிக்கா. சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகம் இருந்த வில்லியம்ஸ் பே என்ற சின்ன ஊருக்குப் போனார்கள். ஒரே பாடத்தை ஒரே கல்லூரியில் படித்த இருவரில் ஒருவர் வேலைக்குப் போனார், இன்னொருவர் வீட்டில் இருந்தார். நோபல் பரிசுக்காக எழுதிய தன் வாழ்க்கைக் குறிப்பில், லலிதாவின் பொறுமையும் துணையும் ஊக்கமும்தான் தன் வாழ்வின் மையம் என்ற பொருளில் சந்திரசேகர் எழுதியிருக்கிறார். அது உண்மையான நன்றிதான். ஆனால் அந்தக் குறிப்பை வாசிக்கும்போதெல்லாம் லலிதா கையிலிருந்த இயற்பியல் பட்டம் என்ன ஆனது என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

'அவரே விரும்பித்தானே விட்டார்' என்று சொல்லலாம். அந்தக் காலத்தில் விரும்புவதற்கு வேறு என்ன இருந்தது என்றும் பார்க்க வேண்டும். சந்திரசேகரின் சொந்தச் சித்தப்பா சி.வி. ராமன். நாம் அறிவியல் நாள் கொண்டாடுவதே அவர் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்ட பிப்ரவரி 28-ஐ முன்னிட்டுத்தான். 1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குக் கமலா பாக்வத், பிற்காலத்தில் கமலா சோஹோனி, ஆராய்ச்சி மாணவியாகச் சேர விண்ணப்பித்தபோது, பெண் என்ற காரணத்துக்காக அதன் இயக்குநரான ராமன் மறுத்தார். கமலா விடாமல் போராடிய பிறகு, ஒரு வருடம் பரீட்சார்த்தமாக, ஆண்களின் கவனத்தைக் கலைக்காமல் இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளோடு இடம் கொடுத்தார். 1940-ல் ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்த அன்னா மணி ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை.

இந்தியாவில் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். எடிங்டனின் பேச்சைக் கேட்டு வானியலுக்கு வந்தவர் செசிலியா பெய்ன் என்ற ஆங்கிலப் பெண். கேம்பிரிட்ஜில் அப்போது பெண்கள் படிக்கலாம், பரீட்சை எழுதலாம். பட்டம் கிடையாது. 1923-ல் அவர் அமெரிக்கா போய்விட்டார். நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று 1925-ல் கண்டு சொன்னவர் அவர். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948-ல்.

*

இந்த இடத்தில் காரைக்குடிக்குத் திரும்ப வேண்டும். ஏனென்றால் இந்தக் கதைக்கும் எங்கள் மண்ணுக்கும் நேரடியான தொடர்பு ஒன்று உண்டு.

1947-ல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. சிற்றூர்களிலும் கல்லூரிகள் வேண்டும் என்று துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அங்கே பேசினார். கேட்டுக்கொண்டிருந்த கோட்டையூர் அழகப்பச் செட்டியார் அங்கேயே எழுந்து, தான் காரைக்குடியில் தொடங்குவதாகச் சொன்னார். அந்த வருடமே கல்லூரி வந்தது. அடுத்த வருடம் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அதில்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. என்னைப் போன்றவர்கள் பஸ் ஏறிப் போய்ப் படிக்கும் தூரத்தில் கல்லூரி இருந்ததற்கு அவர்தான் காரணம். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

அதே அழகப்பர்தான் 1950-ல் சென்னையில் ராமானுஜன் கணித நிறுவனத்தையும் தொடங்கினார். 1957-ல் அவர் காலமானார். பணமில்லாமல் நிறுவனம் மூடப்படும் நிலை வந்த அந்தக் கட்டத்தில், அமெரிக்காவிலிருந்த சந்திரசேகர் பிரதமர் நேருவுக்கு எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது, நிறுவனம் பிழைத்தது. செட்டிநாட்டுப் பணத்தில் பிறந்த ஒரு நிறுவனத்தைக் கருந்துளைக்கு வழிகாட்டியவர் கைகொடுத்துத் தூக்கிய கதை இது.

அந்த நிறுவனத்துக்குப் பெயரான ராமானுஜனின் முகம் நமக்கு எப்படித் தெரியும்? பாடப்புத்தகத்தில் இருப்பது அவருடைய பாஸ்போர்ட் படம். 1936-ல் இந்தியா வந்திருந்த சந்திரசேகர், பேராசிரியர் ஹார்டி கேட்டதற்காக ராமானுஜனின் மனைவி ஜானகியைப் போய்ப் பார்த்து வாங்கிய படம். இருபத்தொரு வயதில் விதவையாகி, தையல் தைத்துப் பிழைத்த ஜானகி பதினாறு வருடமாகப் பத்திரமாக வைத்திருந்த படம். அவர் அதைத் தொலைத்திருந்தால், உலகம் அறிந்த அந்த முகம் நமக்கு இல்லை.

நிலம் கொடுத்தவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. கடிதம் எழுதியவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. படத்தைக் காப்பாற்றியவரும் கப்பலேற்றியவரும் பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்தவரும் புள்ளியில் வரமாட்டார்கள்.

*

இனிப் பிரியம்வதா நடராஜன்.

டெல்லியில் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது அவர் வீட்டில் ஒரு கமடோர் 64 கணினி இருந்தது. நேரு கோளரங்கத்தின் இயக்குநராக நிருபமா ராகவன் இருந்தார். தனக்கு ஏதாவது ஆராய்ச்சி வேலை கொடுங்கள் என்று இந்தப் பிள்ளை போய்க் கேட்டது. 'நீ சின்னப் பிள்ளை, போய்ப் படி' என்று அவர் அனுப்பிவிடவில்லை. டெல்லி வானத்துக்கு நட்சத்திர வரைபடம் போடும் கணக்கைக் கொடுத்தார். பிள்ளை வீட்டுக்குப் போய்க் கணினியில் நிரல் எழுதிக்கொண்டு வந்தது. அங்கே தொடங்கிற்று.

எம்.ஐ.டி.யில் இயற்பியலும் கணிதமும் படித்தார். அங்கேயே அறிவியலின் வரலாற்றையும் தத்துவத்தையும் கொஞ்ச காலம் படித்தார். பிறகு கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரீஸிடம் முனைவர் ஆய்வு. 1997-ல் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ ஆனார். ராமானுஜனும் சந்திரசேகரும் இருந்த அதே டிரினிட்டி. வானியற்பியலில் அங்கே ஃபெலோ ஆன முதல் பெண் இவர். 2000-க்குப் பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், பின்னால் வானியல் துறையின் தலைவர். அங்கே பெண் பேராசிரியர்களின் மன்றத்துக்கும் தலைமை வகித்திருக்கிறார்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது. பேரண்டம் பிறந்து நூறு கோடி வருடம்கூட ஆகாத காலத்திலேயே, நூறு கோடிச் சூரியன்களின் நிறை கொண்ட கருந்துளைகள் இருந்திருக்கின்றன. அவ்வளவு சீக்கிரம் எப்படி அவ்வளவு பெரிதாக வளர்ந்தன? நட்சத்திரம் செத்துக் கருந்துளை ஆனால், தொடக்கத்தில் அதற்குப் பத்து, நூறு சூரியன்களின் நிறைதான் இருக்கும். அதிலிருந்து வளர நேரம் போதாது. எங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னால், சிறுவாடு சேர்த்து வட்டிக்கு விட்டு லேவாதேவிக் கடை முதலாளி ஆகிற கணக்கு. ஆகலாம், ஆனால் ஆயுசு பத்தாது.

2006-ல் பிரியம்வதாவும் ஜுசெப்பே லொடாட்டோவும் வேறு வழி ஒன்றை வகுத்துக் காட்டினார்கள். இளம் பேரண்டத்தில், சில இடங்களில், வாயு மேகம் சிறுசிறு நட்சத்திரங்களாக உடையாமல் மொத்தமாக இடிந்து உள்ளே விழலாம். அப்படி விழுந்தால் தொடக்கத்திலேயே பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் சூரியன்களின் நிறையோடு கருந்துளை விதை கிடைக்கும். கையில் பெருமுதலோடு கடை திறப்பது மாதிரி. இது காகிதத்தில் சரியாக இருந்தது. வானத்தில் காட்ட முடியவில்லை. அப்படிப் பிறந்த கருந்துளை எப்படித் தெரியும், எந்த அடையாளத்தைத் தேட வேண்டும் என்று 2017-ல் அவரும் கூட்டாளிகளும் எழுதிவைத்தார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அப்போது விண்ணுக்கே போயிருக்கவில்லை. அது போனது 2021 கடைசியில்.

2023-ல் அடையாளம் கிடைத்தது. ஏபெல் 2744 என்ற நட்சத்திர மண்டலக் கூட்டம் 350 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதன் ஈர்ப்பு, பின்னால் இருப்பவற்றின் ஒளியை வளைத்து, பூதக்கண்ணாடி போலப் பெரிதாக்குகிறது. இப்படி வளையும் ஒளியைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளை வரைபடமாக்குவது பிரியம்வதாவின் இன்னொரு துறை. அந்த இயற்கைக் கண்ணாடிக்குப் பின்னால், 1,320 கோடி ஒளியாண்டு தூரத்தில் யூஹெச்இசட்1 இருந்தது. பேரண்டத்துக்கு 47 கோடி வயதாக இருந்தபோது புறப்பட்ட ஒளி. வெப் தொலைநோக்கி அந்த மண்டலத்தைக் காட்டியது. அதன் நடுவில் வாயு கருந்துளைக்குள் விழும்போது கொதித்து வெளிவிடும் எக்ஸ் கதிர்களை, இன்னொரு விண்வெளித் தொலைநோக்கி சுமார் இரண்டு வாரம் உற்றுப் பார்த்துப் பிடித்தது. ஆகோஷ் போக்டான் தலைமையிலான குழு கணக்கிட்டதில், கருந்துளையின் நிறை ஒரு கோடி முதல் பத்துக் கோடிச் சூரியன்கள் வரை வந்தது. அந்த மண்டலத்தின் நட்சத்திரங்கள் எல்லாவற்றின் நிறைக்கும் ஏறத்தாழச் சமம். நமக்கு அருகில் உள்ள மண்டலங்களில் கருந்துளை நட்சத்திரங்களின் நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். பெருமுதலோடு பிறந்த விதை என்பதற்கு அதுவரை கிடைத்ததில் வலுவான சான்று அது. 2024-ல் டைம் இதழின் செல்வாக்கு மிக்க நூறு பேர் பட்டியலில் பிரியம்வதாவின் பெயர் வந்தது.

எக்ஸ் கதிரைப் பிடித்த அந்தத் தொலைநோக்கியின் பெயர் சந்திரா. சந்திரசேகரின் நினைவாக வைத்த பெயர். 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் அதை ஏற்றிக்கொண்டு போனது. ஓட்டிப்போன தளபதி ஐலீன் காலின்ஸ். அமெரிக்க விண்வெளி ஓடத்துக்குத் தலைமை வகித்த முதல் பெண். அதைப் பார்க்க எண்பத்தெட்டு வயது லலிதாவும் வந்திருந்தார். கணவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. தன்னோடு இயற்பியல் படித்தவரின் பெயர் தாங்கிய கருவி ஒரு பெண்ணின் பொறுப்பில் மேலே போவதை அவர் பார்த்தார். 2013-ல் நூற்றிரண்டு வயதில் மறைந்தார். அந்தக் கருவி ஒரு தமிழ்ப்பெண்ணின் கணக்குக்குச் சான்று கொடுக்க இன்னும் பத்து வருடம் இருந்தது.

*

இவ்வளவும் சொன்னால் அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? மறுபடி 'அப்ப சரி' என்றுதான் சொல்லும். அதில் நியாயமும் இருக்கிறது.

சுப்பலட்சுமியின் இல்லம் பிராமண விதவைகளுக்காகத் தொடங்கப்பட்டது. லலிதா அந்தக் குடும்பத்தில் பிறந்தவர். கமலா சோஹோனியின் அப்பாவே வேதியியல் படித்தவர். பிரியம்வதாவின் வீட்டில் புத்தகமும் இருந்தது, கணினியும் இருந்தது. பெண் என்பதற்காக மறுக்கப்பட்ட கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தபோது, அவற்றின் வாசலில் ஏற்கெனவே நின்றவர்கள் உள்ளே போனார்கள். வாசலுக்கே வர முடியாதவர்கள் வெளியேதான் இருந்தோம். முற்றம் கழுவியவளின் மகளுக்கு அது தெரியும். பின்வரிசையில் எழுந்து நின்ற பிள்ளைக்கும் தெரியும். அவளுடைய அப்பா கொத்து வேலைக்குப் போகிறவர் என்று தலைமையாசிரியை பிறகு சொன்னார்.

1984-ல் எனக்கு எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்தது. ஊரைவிட்டு வெளியே, விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். அம்மா வேலை பார்த்த வீட்டில் கடன் கேட்டாள். "பொம்பளப் பிள்ளைக்கு இதுவரைக்கும் படிச்சது பத்தாதா?" என்றார் பெரியவர். அத்தோடு அது முடிந்தது. ஒரு வாரம் கழித்து ஆச்சி அம்மாவைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, முந்தானையிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்துக் கொடுத்தார். "என் சிறுவாடு. யாருட்டயும் சொல்லாத. எம்.எஸ்சி.க்கெல்லாம் காணாது. வாத்தியார் படிப்புக்காவது கட்டு." அந்தப் பணத்தில்தான் பி.எட். படித்தேன். அதில்தான் முப்பத்தைந்து வருடம் சம்பளம் வாங்கினேன். ஆச்சியின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

ஆக, நான் எனக்குக் கிடைக்காததையும் சொல்ல வேண்டும், கிடைத்ததையும் சொல்ல வேண்டும். சீதாலட்சுமி மகனைக் கப்பலேறச் சொன்னார். சுப்பலட்சுமி இல்லம் திறந்தார். நிருபமா ராகவன் கேட்டு வந்த பிள்ளைக்கு ஒரு கணக்கைக் கொடுத்தார். ஆச்சி சுருக்குப்பையை அவிழ்த்தார். பார்த்தால் எல்லாம் சின்ன வேலைகள். ஆனால் மேதைமை என்று நாம் சொல்வதற்கு முன்னால் இப்படி ஒருவர் நிற்காத வாழ்க்கை எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆண்களின் கதையிலும் நின்றார்கள், நாம் எழுதவில்லை. பெண்களின் கதையில் பல நேரம் நிற்க ஆள் இல்லாமலே போயிற்று.

கல்லூரி கட்ட அழகப்பருக்கு இருந்த சொத்து என்னிடம் இல்லை. ஒரு கணக்கைக் கொடுக்க முடியும். மார்ச்சில் பொதுத்தேர்வு முடிந்ததும் அந்தப் பிள்ளையை வரச்சொல்லி, கருந்துளையின் எல்லை ஆரத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கைக் கொடுத்தேன். சூரியனுக்கு மூன்று கிலோமீட்டர் என்று சரியாகப் போட்டாள். "பூமிக்கு?" என்றேன். கொஞ்ச நேரம் எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்து, "தப்பா வருது டீச்சர். ஒரு சென்டிமீட்டர்கூட இல்ல" என்றாள். தப்பில்லை, அதுதான் விடை என்றேன். நோட்டை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பி.எஸ்சி. இயற்பியல் படிக்க ஆசை, வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று போகும்போது சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை இல்லையாம். அவள் அப்பாவைப் பார்க்கப் போகிறேன்.